பானை ஓட்டில் சோளத்தை அடையாளம் காண்பது எப்படி

பழைய பானை ஓடுகளில் பதிந்த தானியத் தடங்களைப் படிக்க வருகிறவர்கள் முதலில் தானியத்தைத்தான் தேடுகிறார்கள். உருண்டையாக ஒரு குழி தெரிந்தால் சோளம், நீளமாகத் தெரிந்தால் நெல் என்று எழுதிவிடத் துடிக்கிறார்கள். நான் சொல்லித் தருவது வேறு வழி. தானியத்தை விடுங்கள், அதைப் போர்த்தியிருக்கும் உமியான சொங்கைப் பாருங்கள். சொங்கிலும் அதன் அடியைப் பாருங்கள். கதிரிலிருந்து அது தானாகக் கழன்றதா, மனிதர் அடித்துக் கிழிந்ததா என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவள். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, தொல்லியல் மாணவர்களுக்கு ஓட்டுத் தடங்களில் ரப்பர் போல இறுகும் சிலிக்கோனை ஊற்றி வார்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் இருங்குச் சோளத்தை உரலில் போட்டுக் குத்தும்போது பறக்கும் சொங்கு கழுத்தில் ஒட்டி அரிக்கும். அந்த அரிப்பை அனுபவித்தவர்களுக்கு இந்தப் பாடம் கொஞ்சம் சுலபம். சோளச் சொங்கின் மேல் எத்தனை மயிர் உண்டு என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தடம் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் களிமண்ணில் பானை செய்தால் காயும்போது வெடிக்கும். அதனால் மணல், இடித்த ஓடு, சாணம், களத்தில் மிஞ்சிய சொங்கு, நறுக்கிய வைக்கோல் என்று கையில் கிடைப்பதைச் சேர்த்துப் பிசைவார்கள். சுடும்போது சொங்கு எரிந்துபோகும். அது கிடந்த இடம் அதே வடிவில் வெற்றிடமாக நிற்கும். மண் நயமாக இருந்தால் சொங்கின் நரம்பும் மயிர்க்காலும்கூட அந்த வெற்றிடத்தின் சுவரில் பதிந்திருக்கும். திறந்தவெளியில் சீக்கிரமாகச் சுட்ட பானையை உடைத்தால் இரண்டு ஓரமும் சிவந்து நடு மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்புக்குள் சொங்கு முழுதும் எரியாமல் கரியாகவே தங்கியிருக்கவும் கூடும்.

இது புதிய வித்தை அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த க்னுட் யெஸ்ஸனும் ஹான்ஸ் ஹெல்பெக்கும் பிரிட்டன், அயர்லாந்துப் பானைகளில் பதிந்திருந்த கோதுமை, பார்லித் தடங்களைத் தொகுத்து 1944இலேயே நூலாக வெளியிட்டார்கள். ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு நான் எடுத்துக்காட்டுவது ஐரோப்பாவை அல்ல, சூடானை.

சூடான் ஓடுகள் தீர்த்த வழக்கு

கிழக்குச் சூடானில் அத்பரா ஆற்றுப் பக்கம் கஷ்ம் எல் கிர்பா என்று ஓர் ஊர். அதற்கு அருகே கேஜி23 என்று எண்ணிட்ட இடத்தில் 1980களில் அகழாய்வு நடந்தது. கிடைத்த ஓடுகள் பூத்தானா பண்பாட்டைச் சேர்ந்தவை, ஏறத்தாழ கி.மு. 3500 முதல் 3000 வரையிலான காலம். அந்த ஓடுகளின் தடங்களை ஃபிராங்க் வின்செல், கிறிஸ் ஸ்டீவன்ஸ், டோரியன் ஃபுல்லர் உள்ளிட்ட குழு வார்த்துப் பார்த்து, பயிராக்கப்பட்ட சோளம் அதில் இருக்கிறது என்று 2017இல் அறிவித்தது.

இதில் என்ன பெரிய சேதி என்று கேட்கலாம். சோளத்தின் தாய்நாடு ஆப்பிரிக்கா என்பதில் தாவரவியலாருக்கு ஐயம் இருந்ததில்லை. அதன் காட்டு மூதாதை அங்கேதான் முளைக்கிறது. ஆனால் பயிரான சோளத்துக்கான பழைய சான்றுகள் நெடுங்காலமாக இந்தியாவில்தான் இருந்தன, கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டு என்ற கணக்கில். ஆப்பிரிக்காவில் உறுதியாகக் காட்ட முடிந்தவை அதற்கு வெகு பிந்தியவை. பேத்திக்குப் பாட்டியைவிட வயது கூடுதல் என்பது போன்ற கணக்கு அது. கேஜி23 ஓடுகள்தாம் அதைச் சரிசெய்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சூடான் ஓடுகளில் சோளத் தடம் தெரிந்தது அதுவே முதல் முறை அல்ல. கார்த்தூம் பக்கத்துக் கதெரோ போன்ற, இன்னும் பழைய குடியிருப்புகளின் ஓடுகளை ஆன் ஸ்டெம்லர் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முன்பே பார்த்திருந்தார். அவர் கண்டது காட்டுச் சோளம். எகிப்தின் தெற்கில் நப்தா பிளாயாவில் வேட்டையாடி, உணவு சேகரித்து வாழ்ந்தவர்களும் காட்டுச் சோளத்தைத்தான் கொண்டுவந்து தின்றார்கள். ஆகவே ‘சோளம் இருக்கிறது’ என்பது விடையல்ல. எந்தச் சோளம் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு உருண்டைக் குழி பதில் சொல்லாது.

கம்புக்கும் இதே கதை. மாலி நாட்டின் திலெம்சி பள்ளத்தாக்கு ஓடுகளில், ஏறத்தாழ கி.மு. 2500 அளவிலேயே பயிரான கம்பு இருந்ததைக் கேட்டி மேனிங் குழு 2011இல் காட்டியது. அதற்கும் சொங்கின் அடியே சாட்சி. நம் ஊர்க் கூழ்ப்பானைக்கு வந்த இரண்டு தானியங்களின் பிறப்புச் சான்றும் யாரோ ஒருவர் மண்ணில் பிசைந்த குப்பையில் கிடைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் சலிக்காத செய்தி.

எந்த ஓட்டை எடுப்பது

அகழாய்வு இடம், குழி, அடுக்கு எல்லாம் பதிவான ஓடுகளை மட்டும், பொறுப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு எடுங்கள். கண்மாய்க் கரையில் பொறுக்கிய ஓடு எவ்வளவு அழகான தடம் வைத்திருந்தாலும் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. பொறுக்குவதும் தவறு.

அடுத்து, ஓட்டுக்கு வேறு ஆய்வு காத்திருக்கிறதா என்று கேளுங்கள். பானையில் ஊறிய கொழுப்பைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால் அந்த ஓட்டின் மேல் சிலிக்கோன் படவே கூடாது. எண்ணெய் கசிந்து ஓட்டுக்குள் இறங்கி அவர்களுடைய முடிவைக் கெடுத்துவிடும். வண்ணம் பூசியவை, மேற்பூச்சு உதிர்கிறவை, விரல் பட்டால் பொடிகிறவை ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பத்து மடங்கு கைலென்ஸில் பாருங்கள். விளக்கு தலைக்கு மேலே இருக்கக் கூடாது. மேசை மட்டத்துக்கு இறக்கி, ஓட்டின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்படி வையுங்கள். ஓட்டை மெல்லச் சுழற்றுங்கள். வெளிப்புறம், உட்புறம், உடைந்த விளிம்பு மூன்றையும் பாருங்கள். உடைந்த விளிம்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல தடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன, ஏனென்றால் குயவரின் ஈரக் கை அங்கே தேய்க்கவில்லை.

ஒன்றும் இல்லாத ஓட்டையும் பதிவேட்டில் எழுதுங்கள். பத்து ஓட்டில் பத்திலும் தடம் இருப்பதற்கும் ஆயிரத்தில் பத்தில் இருப்பதற்கும் பொருள் வேறு. முன்னதில் களத்துச் சொங்கை வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள். பின்னதில் முற்றத்தில் கிடந்தது தற்செயலாக ஒட்டியிருக்கிறது. கேஜி23 போன்ற இடங்களில் ஆய்வு கைகூடியதற்குக் காரணமே அங்கே சொங்கு தாராளமாகக் கலந்திருந்ததுதான்.

ஏமாற்றும் குழிகளும் உண்டு. பிற்காலத்து வேர் ஓடிய தடம் கிளை பிரியும், ஓட்டின் மேற்பரப்பிலேயே நெளிந்து போகும். சுண்ணாம்புக் கல் சிதறி விழுந்த குழிக்கு ஒழுங்கான சுவர் இருக்காது. பூச்சியும் பதியும். ஜப்பானின் ஜோமோன் என்ற பழங்காலப் பண்பாட்டுப் பானைகளில் ஹிரோகி ஒபாத்தா கண்டது தானியத்தைத் துளைக்கும் கூன்வண்டுகளின் தடம். நெல் சாகுபடி அங்கே வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சேமித்த கொட்டைகளை அந்த வண்டுகள் தின்றுகொண்டிருந்திருக்கின்றன. ஹொக்கைடோவின் ததேசாக்கியில் கிடைத்த ஒரே பானையில் நூற்றுக்கணக்கான வண்டுகள் பதிந்திருந்தன. ஆகவே குழிக்குள் கால் மடக்கிய உருவம் தெரிந்தால் சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அதுவும் களஞ்சியத்தின் செய்திதான்.

வார்ப்பு எடுத்தல்

தடத்துக்குள் இருக்கும் மண்ணை ஊதுபந்தால் ஊதி, மென்மயிர்த் தூரிகையால் எடுங்கள். பிடிவாதமான மண்ணுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்டு, மூங்கில் குச்சியின் நுனியால் மெதுவாக நெம்பலாம். குண்டூசி வேண்டாம். ஊசி கீறிய கோடு நுண்ணோக்கியில் நரம்பு போலவே தெரியும். உப்புப் படிவை அமிலம் விட்டுக் கரைக்கும் ஆசையும் வேண்டாம். ஓட்டில் சுண்ணாம்பு கலந்திருந்தால் படிவோடு தடத்தின் சுவரும் கரையும்.

பிறகு தடத்தின் சுவரில் ஒரு மெல்லிய காப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். அசிட்டோனில் மிக நீர்க்கக் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின் இதற்குப் பழக்கமான பொருள். சிலிக்கோன் ஓட்டின் நுண்துளைகளில் இறங்காமல் இது தடுக்கும். வேலை முடிந்ததும் அசிட்டோனாலேயே கழுவி எடுத்துவிடலாம். கரைசல் கெட்டியானால் நுண்ணிய மேடுபள்ளங்கள் மூடிக்கொள்ளும். முதலில் உபயோகமற்ற ஓர் ஓட்டில் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வார்ப்புக்குப் பல் மருத்துவர்கள் பல் அளவெடுக்கப் பயன்படுத்தும் சிலிக்கோன் மிகப் பொருத்தம். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் ‘லைட் பாடி’ என்று கேட்டால் இளகலான வகையைக் கொடுப்பார்கள். இரட்டைக் குழலில் வரும். துப்பாக்கி போன்ற கருவியில் பொருத்தி அழுத்தினால் இரண்டும் முனையில் கலந்து வெளியே வரும். விலை கொஞ்சம் அதிகம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதாதா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவர் கேட்கிறார். போதாது. தடத்தின் வாய் குறுகி உள்ளே அகன்றிருந்தால் பிளாஸ்டர் வெளியே வராது, ஓட்டை உடைத்துக்கொண்டுதான் வரும். சிலிக்கோன் வளைந்து வரும், வந்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

இங்கே கையுறை பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு இந்தச் சிலிக்கோனைத் தொடாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மம் சிலிக்கோனை இறுக விடாது. தடத்துக்குள் பிசுபிசுவென்று நின்றுவிடும், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நைட்ரில் கையுறை வாங்குங்கள். இன்னொன்று நம் ஊர் வெயில். குளிர்நாட்டுக் கையேட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். சித்திரை மாதத்தில் எங்கள் அறையில் சிலிக்கோன் பாதி நேரத்திலேயே இறுகத் தொடங்கும். குழலைக் குளிர்பெட்டியில் வைத்து, வேலைக்குச் சற்று முன்னால் எடுத்தால் நிதானமாக ஊற்ற அவகாசம் கிடைக்கும்.

முனையைத் தடத்தின் ஆழமான இடத்தில் வைத்து, அங்கிருந்து நிரப்பிக்கொண்டே மேலே வாருங்கள். முனை சிலிக்கோனுக்குள்ளேயே மூழ்கியிருக்க வேண்டும். தூக்கித் தூக்கிச் சொட்டினால் காற்றுக் குமிழி சிக்கும், அதுவும் சொல்லிவைத்தாற்போல, நாம் தேடும் சொங்கின் அடித் தழும்பின் மேலேயே சிக்கும். தடம் நிரம்பியதும் மேலே கொஞ்சம் கூடுதலாகத் தலை விட்டு வையுங்கள், பிடித்து இழுக்க வசதியாக இருக்கும். முழுதும் இறுகிய பிறகு ஒரு பக்கமாக மெல்லத் தூக்கி எடுங்கள். எடுத்த நொடியே ஓட்டின் எண்ணோடும் தடத்தின் எண்ணோடும் சிறு டப்பாவில் போட்டு மூடுங்கள். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று மேசையில் வரிசையாக வைத்த வார்ப்புகள் ஒரு மின்விசிறிக் காற்றில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வார்ப்புதான் இனி உங்கள் தாவரம். தடம் குழிவானது, வார்ப்பு மூலப்பொருளைப் போலவே புடைத்திருக்கும், இடம் வலம் மாறாமல் இருக்கும். தடத்தை நேராகப் புகைப்படம் எடுத்து அடையாளம் சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாத படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். அதை வைத்து நரம்பு எண்ணுவது வீண் வேலை.

முதலில் இருகண் நுண்ணோக்கியில் பத்து முதல் நாற்பது மடங்கு வரை பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிடும். நல்லவற்றை மட்டும் தங்கம் பூசி ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். அந்தக் கருவிக்கு மணிக்கணக்கில் கட்டணம். மங்கலான வார்ப்புகளை அள்ளிக்கொண்டு போவதில் பயனில்லை.

எந்தத் தாவரம்

புல்லினத் தானியங்களைப் பொறுத்தவரை மேற்பரப்பே முகவரி. நெல் உமியில் சிறு மேடுகள் வரிசை பிடித்துக் கட்டம் கட்டமாக நிற்கும். இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு எந்தத் தானியத்துக்கும் இல்லை. தினையின் உமியில் நுண்ணிய கொப்புளம் போன்ற மேடுகள் இருக்கும், சாமை வழுவழுப்பாக மின்னும். தானியமும் அதன் சொங்கும் சேர்ந்த அலகைச் சிறுகதிர் என்போம். கம்பில் ஒவ்வொரு சிறுகதிர்க் கொத்தையும் சுற்றி மயிர்க்கற்றை உண்டு. ஆப்புப் போன்ற தானிய வடிவமும் சுற்றிலும் மெல்லிய மயிர்க்கோடுகளும் சேர்ந்து பதிந்திருந்தால் கம்பு என்று துணியலாம். கோதுமை, பார்லி பற்றி ஐரோப்பியர் நிறையச் செய்திருக்கிறார்கள், அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

சோளத்துக்கு வருவோம். சோளக் கதிரில் சிறுகதிர்கள் இரட்டையாக நிற்கும். ஒன்று காம்பில்லாமல் கணுவோடு ஒட்டியிருக்கும், தானியம் பிடிப்பது அதுதான். அதன் பக்கத்தில் காம்போடு நிற்பது பெரும்பாலும் பதர். தானியத்தைப் பிடித்திருக்கும் இரண்டு சொங்குகளும் தோல் போலத் தடித்து, பளபளப்பாக, மயிரோடு இருக்கும். வார்ப்பில் நீங்கள் தேட வேண்டியவை இவை: தடித்த சொங்கின் குவிந்த முதுகு, அதன் மேல் மயிர் முளைத்த புள்ளிகள், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காம்பு. காம்பு பதிந்திருந்தால் மகிழ்ச்சி, அதைப் போல உறுதி வேறு கிடையாது.

தானியத்தின் அளவை மட்டும் நம்பி எழுதாதீர்கள். ஈர மண்ணில் விழுந்த தானியம் நீர் குடித்து ஊதும். அதே மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஒன்று பெருக்குகிறது, ஒன்று குறைக்கிறது, எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். அளவை எழுதுங்கள், ஆனால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே அதைவிட நம்பகமானது. காட்டுச் சோளத்தின் சிறுகதிர் ஒடுங்கி நீண்டது. பயிரான சோளத்தில் தானியம் பருத்துச் சொங்கை அகட்டும்.

சொந்தமாக ஓடு செய்து பாருங்கள்

புத்தகத்துப் படத்தை மட்டும் வைத்து இந்த வேலையைக் கற்க முடியாது. இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் மண்ணில் கை வைத்த பிறகு சிரிப்பதில்லை.

எங்கள் ஊரில் பானை வனையும் பெரியவர் ஒருவரிடம் நான் போனேன். இருங்குச் சோளச் சொங்கு, கம்புச் சொங்கு, நெல் உமி ஆகியவற்றைத் தனித்தனியாக மண்ணில் கலந்து ஓடு தட்டித் தர வேண்டும் என்று கேட்டேன். அவர் சொங்கைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதை இப்படியே போட்டால் மண் பிடிக்காது. ஒரு ராத்திரி ஈரத்தில் போட்டு வையுங்கள், அப்புறம் மிதிக்கலாம்” என்றார். “அண்ணாச்சி, நனைத்தால் சொங்கு ஊதிவிடாதா?” என்றேன். “ஊதட்டுமே, மண்ணுக்குள் போய் ஊதுவதற்குப் பதில் வெளியிலேயே ஊதிவிட்டுப் போகட்டும்” என்றார். ஆய்வுக் கட்டுரைகளில் நான் படித்திராத ஒரு நுணுக்கத்தை அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நனைத்ததும் நனைக்காததுமாக இரண்டு விதமாகவும் ஓடு செய்து வைத்திருக்கிறேன்.

இருங்குச் சோளத்தை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைய வெள்ளைச் சோளங்களில் தானியம் சொங்கை விட்டு வெளியே பிதுங்கி நிற்கும். இருங்கில் கருத்த சொங்கு தானியத்தை மூடிக்கொண்டிருக்கும். பழைய சோளங்களின் சொங்கும் இப்படித் தானியத்தைப் போர்த்தியிருந்ததே. காட்டினத்தின் தழும்புக்கு ஒப்பிட, வரப்போரம் களையாக முளைக்கும் ஜான்சன் புல்லின் முற்றிய கதிரைப் பயன்படுத்துங்கள். அது சோளத்தின் உறவு. கையில் தட்டினாலே சிறுகதிர்கள் கழன்று விழும். ஆப்பிரிக்கக் காட்டுச் சோளத்துக்கு அது மாற்று ஆகாது, ஆனால் ‘தானாகக் கழன்ற அடி’ எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க அது போதும்.

ஓட்டை ஈரமாக இருக்கும்போதே அதன் முதுகில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறிவிடுங்கள். சுட்டு எடுத்தபின் அதே கோட்டை அளந்தால் அந்த மண் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். பிறகு ஓட்டை உடைத்து, மேலே சொன்னபடி வார்ப்பு எடுங்கள். எந்தத் தாவரம் என்று தெரிந்த தடங்களில் கண் பழகிய பின்புதான் தெரியாத தடங்களிடம் போக வேண்டும்.

கதிரடித்த விதத்தையும் மாற்றிப் பாருங்கள். பிணையல் மாடு மிதித்தால் சிறுகதிர்கள் பெரும்பாலும் முழுசாகவே வரும். கம்பால் அடித்தால் காம்புத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். உரலில் குத்தினால் சொங்குகள் தனித்தனியாகப் பிரிந்து, அடி நசுங்கிப் போகும். பானையில் முழுச் சிறுகதிர்களாகவே பதிந்திருந்தால் மண்ணுக்குப் போனது கதிரடித்த களத்துக் கழிவு. பிரிந்த சொங்குகள் என்றால் குத்திப் புடைத்த கழிவு. வீட்டு முற்றத்தில் என்ன வேலை நடந்தது என்பதுவரை இப்படி நெருங்கலாம்.

அடித் தழும்பு

இப்போது முக்கியமான இடம். வார்ப்பை நிமிர்த்திச் சிறுகதிரின் அடி உங்களைப் பார்க்கும்படி வையுங்கள்.

காட்டுச் சோளத்தில் கதிர் முற்றியதும் கணுவில் ஒரு பிரிவடுக்கு உண்டாகும். சிறுகதிர் அங்கே தானே கழன்று மண்ணில் விழும். அப்படி விழுந்தால்தான் அடுத்த மழைக்கு முளைக்க முடியும். இவ்விதம் கழன்ற அடி வழுவழுப்பாக, விளிம்பு தெளிவாக, நகத்தால் கிள்ளி எடுத்தது போலன்றிச் சீராக இருக்கும். மனிதர் ஆண்டுதோறும் அறுத்து, அறுத்ததிலிருந்தே விதைத்து வந்தபோது உதிராத கதிர்களின் விதையே வீட்டுக்கு அதிகம் வந்தது. உதிர்ந்தது காட்டிலேயே கிடந்தது. தலைமுறை தலைமுறையாக இது நடந்ததில், உதிராத சோளமே பெருகியது. அது கணுவில் தானாகப் பிரியாது. அடிக்கும்போது கிழிந்துதான் வரும். அடியில் ஒழுங்கற்ற கிழிசல், நார் நீட்டிக்கொண்டிருப்பது, சில சமயம் கதிர்த்தண்டின் துண்டே ஒட்டிக்கொண்டு வருவது ஆகியவை பயிரான சோளத்தின் அடையாளம். கேஜி23 ஓடுகளில் இரண்டு வகை அடியுமே இருந்தன. உதிராத சோளம் ஒரே இரவில் வந்துவிடவில்லை என்பதை அந்தக் கலப்பே சொல்கிறது.

நெல்லிலும் இதே கதைதான். காட்டு நெல்லின் அடித் தழும்பு வட்டமாக வழுவழுப்பாக இருக்கும், நடுவில் சிறு துளை. பயிர் நெல்லின் அடி கரடுமுரடாகக் கிழிந்து, துளை பெரிதாகத் தெரியும். உத்தரப் பிரதேசத்தில் பெலன் பள்ளத்தாக்கின் கோல்டிஹவா ஓடுகளில் நெல் உமித் தடம் கண்டு, அது மிகப் பழைய நெல் சாகுபடிக்குச் சான்று என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது. பிற்பாடு எழுந்த விவாதம் இரண்டு கேள்விகளைச் சுற்றியது: கணித்த காலம் அந்த அடுக்குக்கு உரியதா, அந்த நெல் காடா பயிரா. உமி மட்டும் பதிந்து அடி பதியாத தடம் இரண்டாவது கேள்விக்குப் பதில் தராது.

ஓர் எச்சரிக்கை. காட்டுக் கதிரையும் முற்றுவதற்கு முன் பச்சையாக அறுத்து அடித்தால் அடி கிழியும். ஆகவே ஒரே ஒரு கிழிந்த அடியைக் காட்டி ‘பயிர்’ என்று எழுதக் கூடாது. தானியம் பிடிக்காத, ஒடுங்கிய சிறுகதிர்களைப் ‘பச்சை’ என்று தனி வகையாகப் பிரியுங்கள். தானியம் பருத்த சிறுகதிர்களில் எத்தனை கிழிந்தவை, எத்தனை வழுவழுப்பானவை என்று எண்ணுங்கள். முடிவு விகிதத்தில்தான் இருக்கிறது, தனித் தடத்தில் அல்ல.

காலமும் கணக்கும்

தடத்தில் காலம் கணிக்கக் கரி இல்லை, அது வெறும் வெற்றிடம். பழநிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் கண்டெடுத்தது நெல்லேதான். அதனால் அந்த நெல்லையே ஏ.எம்.எஸ். என்ற கரிமக் காலக்கணிப்பு முறைக்கு அனுப்பி கி.மு. 490 என்று காலம் பெற முடிந்தது. தடத்துக்கு அந்த வசதி கிடையாது. ஓடு கிடைத்த அடுக்கின் காலமோ ஓட்டின் வகையோதான் உங்களுக்குத் துணை. ஓட்டின் கறுத்த நடுப்பகுதியில் எரியாத சொங்குக் கரி தங்கியிருந்தால் அதை எடுத்து நேரடியாகக் கணிக்கலாம். ஆனால் களிமண்ணிலேயே பழைய கரிமம் கலந்திருந்தால் வயது கூடுதலாக வரும் என்பதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வார்க்க முடியாத அளவுக்கு உள்ளே புதைந்த தடங்களுக்கு இப்போது மைக்ரோ சி.டி. என்ற நுண் எக்ஸ்ரே முறை வந்திருக்கிறது. ஓட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் சிறுகதிரைத் திரையில் திருப்பிப் பார்க்கலாம். அலீஸ் பாரன் குழு 2020இல் கிழக்குச் சூடான் ஓடுகளிலேயே இதைச் செய்து சோளத்தைக் காட்டியது. கருவி கிடைத்தால் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் சிலிக்கோன் குழல் போதும்.

பட்டியல் எழுதும்போது நான்கு கட்டங்கள் போடுங்கள்: உறுதியாகச் சோளம், சோளம் போன்றது, புல்லினம் என்பதற்கு மேல் சொல்ல இயலாதது, அடையாளம் தெரியாதது. கடைசி இரண்டும் நீளமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம், எல்லா நேர்மையான பட்டியலும் அப்படித்தான் இருக்கும். உறுதியான சோளத்தை மறுபடியும் காடு, பயிர், பச்சை, அடி தெரியவில்லை என்று பிரியுங்கள். பட்டியலின் கீழே ஒரு வரி சேருங்கள்: பானையில் பதிந்தது குயவர் கையெட்டும் தூரத்தில் கிடந்த குப்பை, அந்த ஊரார் உண்ட உணவின் பட்டியல் அல்ல. பயறும் கொள்ளும் தின்றவர்கள் அவற்றின் பொட்டை மாட்டுக்குப் போட்டிருப்பார்கள், மண்ணில் பிசைந்திருக்க மாட்டார்கள். தடம் இல்லாததால் பயறு இல்லை என்று எழுதிய அறிக்கையையும், அடியைப் பார்க்காமல் ‘சோளம்’ என்று ஒரே சொல்லில் முடித்த அறிக்கையையும் நான் திருத்துவதில்லை. ஓடுகளோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.